பிரீமியர் லீக் சீசனை முதல்முறையாக முழுதும் பார்க்கப் போகிறவர்களுக்கு

உலகக் கோப்பையை மட்டும் பார்த்துப் பழகியவர்களை லீக் கால்பந்து முதலில் கொஞ்சம் குழப்பும். இதில் அரையிறுதி கிடையாது, இறுதிப் போட்டியும் கிடையாது. தோற்ற அணி மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகாது, அடுத்த வாரம் மறுபடி வந்து ஆடும். ஆகஸ்டில் தொடங்கி மே வரை இப்படியே போகும். "சரி, இதில் எதை எதிர்பார்த்து உட்கார்ந்து பார்ப்பது?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை எடுத்துக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து மே வரை எந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யார் சாம்பியன் என்பது லீக்கின் ஒரு கேள்விதான். அதே புள்ளிப் பட்டியலுக்குள் வேறு போட்டிகளும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். அவற்றையும் பார்க்கத் தெரிந்தவருக்கு மே மாதம் வரை அலுப்புத் தட்டாது. தெரியாதவர் பிப்ரவரியிலேயே "இவர்கள்தான் ஜெயிக்கப் போகிறார்கள், இனி என்ன இருக்கிறது" என்று எழுந்து போய்விடுவார்.

முதல் படி: கணக்கு

20 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்பும் மற்ற 19 கிளப்புகளோடு இரண்டு முறை மோதும். ஒன்று சொந்த மைதானத்தில், இன்னொன்று எதிரணியின் மைதானத்தில். ஆக ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள், லீக் முழுவதற்கும் 380. வென்றால் 3 புள்ளி, சமனானால் ஆளுக்கு 1, தோற்றால் ஒன்றும் கிடையாது.

ஒரு காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான். 1981-82 சீசனில்தான் இங்கிலாந்து 3 புள்ளிக்கு மாறியது. சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். 1-1 என்று நிற்கும்போது ஒரு மேனேஜர் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) டிஃபெண்டரை வெளியே எடுத்துவிட்டு ஃபார்வர்டை உள்ளே விடுகிறார் என்றால், மூன்று சமன்களில் சேர்க்க வேண்டியதை ஒரே வெற்றியில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்.

புள்ளிகள் சமமாக இருந்தால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வருவது. அதுவும் சமமென்றால் அடித்த கோல்களின் எண்ணிக்கை. 2011-12 சீசனில் மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 89 புள்ளிகளோடு முடித்தன. சிட்டியின் வித்தியாசம் 64, யுனைடெட்டின் வித்தியாசம் 56. கோப்பை சிட்டிக்குப் போனது. 4-0 என்று முன்னிலையில் இருக்கும் அணி ஐந்தாவது கோலுக்கு ஏன் இப்படி ஓடுகிறது என்று இனி நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

இரண்டாம் படி: பட்டியலில் கோடு போடுங்கள்

புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒரு தாளில் எழுதியோ மனதிலோ மூன்று இடங்களில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கோடு, முதல் இடத்துக்குக் கீழே. அது சாம்பியன் கோடு. இரண்டாவது, நான்காம் இடத்துக்குக் கீழே. முதல் நான்கு அணிகளும் அடுத்த சீசனில் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடலாம். அந்த சீசனில் இங்கிலாந்து அணிகள் ஐரோப்பியப் போட்டிகளில் சேர்ந்து நன்றாக ஆடியிருந்தால் ஐந்தாம் இடத்துக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கலாம். அதற்குக் கீழே ஓரிரு இடங்கள் யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக் என்று அடுத்த நிலைப் போட்டிகளுக்குப் போகும். இவை உள்நாட்டுக் கோப்பைகளை யார் வென்றார்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் நகரும். மூன்றாவது கோடு 17ஆம் இடத்துக்குக் கீழே. 18, 19, 20 ஆகிய மூன்று இடங்களில் முடிப்பவர்கள் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும்.

இந்தக் கோடுகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024-25 சீசனைப் பாருங்கள். லிவர்பூல் ஏப்ரல் 27 அன்றே, நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே, சாம்பியன் ஆகிவிட்டது. கீழேயும் அப்படித்தான். சவுத்தாம்ப்டன் ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே இறங்குவது உறுதியாகிவிட்டது. அந்த அணி மொத்தம் எடுத்தது 12 புள்ளி. லெஸ்டரும் இப்ஸ்விச்சும் அதன் பின்னாலேயே போயின. மேலும் முடிந்தது, கீழும் முடிந்தது. அப்படியென்றால் மே மாதம் பார்க்க எதுவும் இல்லையா? இரண்டாவது கோட்டைக் கவனித்தவர்களுக்கு அதுதான் அந்த சீசனின் உச்சம். மான்செஸ்டர் சிட்டி, செல்சி, நியூகாசில், ஆஸ்டன் வில்லா, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று ஐந்து அணிகள் மூன்றாமிடம் முதல் ஐந்தாமிடம் வரையான மூன்று சாம்பியன்ஸ் லீக் இடங்களுக்காகக் கடைசி நாள் வரை முட்டிக்கொண்டன, அந்த சீசனில் ஐந்தாமிடத்துக்கும் வாய்ப்பு இருந்தது. நியூகாசிலும் வில்லாவும் 66 புள்ளிகளோடு முடித்தன. கோல் வித்தியாசத்தில் நியூகாசில் ஐந்தாமிடம், வில்லா ஆறாமிடம். ஃபாரஸ்ட் 65. அந்த ஒரு புள்ளிக்குள் கிளப்புகளின் அடுத்த ஒரு வருட வருமானமும், எந்த வீரரை வாங்கலாம், யாரை விற்க வேண்டும் என்பதும் அடங்கியிருந்தன.

மூன்றாம் படி: ஒரு கிளப் எடுங்கள், அப்புறம் இன்னொன்று

யாரையும் ஆதரிக்காமல் "நல்ல ஆட்டமாக இருந்தால் போதும்" என்று பார்ப்பவர்கள் உண்டு. அது ஒரு வாரத்துக்குச் சரி. பத்து மாதத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்தால்தான் பிடிப்பு வரும். எந்த அணியை எடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் மனசு. ஆட்டத்தின் பாணி பிடித்திருக்கலாம், ஒரு வீரரைப் பிடித்திருக்கலாம், ஊரின் கதை பிடித்திருக்கலாம். எவர்ட்டனைப் போல, 1892 முதல் ஆடி வந்த குடிசன் பார்க்கை விட்டு 2025இல் லிவர்பூல் நகரத் துறைமுகப் பக்கத்தில் புது மைதானத்துக்குக் குடிபோன கிளப்பும் இருக்கிறது. சுமார் 11,000 பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன மைதானத்தை வைத்துக்கொண்டு பெரிய அணிகளை வரவழைத்துத் தோற்கடிக்கும் போர்ன்மவுத்தும் இருக்கிறது.

நான் அழுத்திச் சொல்வது இரண்டாவது கிளப்பைப் பற்றி. மனசுக்குப் பிடித்த அணி மேலே இருக்கிறது என்றால், பட்டியலின் கீழ்ப்பாதியில் ஓர் அணியையும் சேர்த்துப் பின்தொடருங்கள். கீழே இருப்பவர்களின் ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்கும் எடையை மேலே பார்க்க முடியாது. 0-0 சமனுக்காக மைதானமே எழுந்து நின்று கைதட்டுவதை அங்கேதான் பார்ப்பீர்கள். லெஸ்டர் சிட்டி 2014-15 சீசனின் பெரும்பகுதி கடைசி இடத்தில் கிடந்தது. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பித்தது. அடுத்த வருடம், 2015-16இல், அதே கிளப் 81 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது. சாம்பியன் கதையை எல்லோரும் அறிவார்கள். அதற்கு முந்தைய வருடத்தின் அந்த ஒன்பது ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எங்கிருந்து முளைத்தது என்று தெரியும்.

நான்காம் படி: ஆகஸ்ட், செப்டம்பரில் பொறுமை

ஆட்ட அட்டவணை ஜூன் மாதமே வந்துவிடும். அதைத் தயாரிப்பது லேசான வேலை இல்லை. எந்த ஐந்து ஆட்டங்களை எடுத்தாலும் சொந்த மைதானத்தில் மூன்றும் வெளியே இரண்டுமாகவோ, இரண்டும் மூன்றுமாகவோ வரும்படி முயல்வார்கள். லிவர்பூலும் எவர்ட்டனும் போல ஒரே ஊர்க் கிளப்புகள் ஒரே நாளில் சொந்த மைதானத்தில் ஆடாதபடியும் பார்த்துக்கொள்வார்கள். தொலைக்காட்சிக்காகப் பிறகு நாளும் நேரமும் மாறும். அதனால் அட்டவணையில் சனிக்கிழமை என்று பார்த்துவிட்டு அப்படியே நம்பி இருக்காதீர்கள், அந்தந்த மாதத்துக்கு முன்னால் ஒரு முறை சரிபாருங்கள்.

முதல் எட்டு, பத்து ஆட்டங்கள் வரை பட்டியலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அணி முதல் ஐந்து ஆட்டங்களிலேயே பலமான மூன்று அணிகளைச் சந்தித்திருக்கும், இன்னோர் அணிக்கு எளிதான வரிசை அமைந்திருக்கும். இந்தக் கட்டத்தில் பட்டியலைவிட அணிகளின் ஆட்களைத் தெரிந்துகொள்வதுதான் பயன் தரும். கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் காலமான கோடைக்கால டிரான்ஸ்ஃபர் விண்டோ சீசன் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் திறந்திருக்கும். முதல் ஆட்டத்தில் பார்த்த வீரர் நான்காவது ஆட்டத்தில் வேறு கிளப்பின் சட்டையில் நிற்கலாம். விண்டோ மூடியதும் ஒவ்வொரு கிளப்பும் 25 பேர் வரையிலான பட்டியலைக் கொடுக்கும். அதில் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்புகளில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்குட்பட்டவர்கள் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். யார் பட்டியலில் இல்லை என்று பாருங்கள். பல கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய ஒருவர் விடுபட்டிருந்தால் அந்த கிளப்புக்குள் ஏதோ சரியில்லை.

லோனில் போகும் வீரர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிளப் தன் வீரரை ஒரு சீசனுக்கு இன்னொரு கிளப்புக்குக் கொடுத்து வைக்கும். அவர் லீக்கில் தன் சொந்த கிளப்புக்கு எதிராக மட்டும் ஆட முடியாது. மற்ற எல்லோருக்கும் எதிராக ஆடலாம்.

ஐந்தாம் படி: வாரத்துக்கு ஓர் ஆட்டமாவது முழுதாக

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத் துண்டுக் காட்சிகளில் பத்து ஆட்டங்களைப் பார்ப்பதைவிட ஓர் ஆட்டத்தை 90 நிமிடமும் பார்ப்பது மேல். துண்டுக் காட்சியில் கோல் இருக்கும். கோல் வருவதற்கு இருபது நிமிடம் முன்னாலிருந்தே வலது பக்க டிஃபெண்டர் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது இருக்காது.

பந்தை மட்டும் துரத்திக்கொண்டிருந்த கண்ணைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பப் பழகுங்கள். எளிதான பயிற்சி ஒன்று சொல்கிறேன். கோல்கீப்பர் காலடியில் பந்து இருக்கும்போது எதிரணியின் ஃபார்வர்டுகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெனால்ட்டி பகுதியின் விளிம்பு வரை ஏறி வந்து நின்றால் அந்த அணி பந்தை அங்கேயே பறிக்கப் பார்க்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் நிறைய வெற்றிடம் இருக்கும், ஒரு நீளமான பந்து போதும். நடுக்கோட்டுப் பக்கம் பின்வாங்கி நின்றால் "நீங்களே வாருங்கள்" என்று காத்திருக்கிறது. இந்த ஒன்றைக் கவனித்தாலே இரண்டு அணிகளும் என்ன திட்டத்தோடு வந்திருக்கின்றன என்பது முதல் பத்து நிமிடத்தில் பிடிபடும். அப்புறம் இரண்டாம் பாதியில் அவர்கள் நிற்கும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஓய்வறையில் மேனேஜர் சொன்னதை நீங்கள் காதால் கேட்காமலே கேட்டுவிட்டீர்கள்.

மாற்று வீரர்கள் விஷயமும் முக்கியம். 2022-23 முதல் ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். இடைவேளையைத் தவிர்த்து மூன்று முறைதான் ஆட்டத்தை நிறுத்தி மாற்ற முடியும். ஐந்து பேர் என்றால், கோல்கீப்பரைத் தவிர்த்துக் களத்தில் இருக்கும் பத்து பேரில் பாதி. பெரிய கிளப்பின் பெஞ்சில் அந்த ஐந்து பேரும் நட்சத்திரங்களாக இருப்பார்கள், சின்ன கிளப்புக்கு மூன்றாவது ஆளே தேறமாட்டார். சின்ன அணிகள் 70ஆவது நிமிடத்துக்கு மேல் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி நடுவர் 2019-20இல் வந்தது. கோல், பெனால்ட்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆளை மாற்றி அட்டை காட்டிவிட்டது என்று முடிவை மாற்றக்கூடிய விஷயங்களில்தான் அது தலையிடும். அதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதை 2025 மே 25 அன்று ஆஸ்டன் வில்லா கசப்பாகக் கற்றுக்கொண்டது. மான்செஸ்டர் யுனைடெட்டோடு அவர்களின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஆட்டம், ஸ்கோர் 0-0. வில்லாவின் கோல்கீப்பர் ஏற்கெனவே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார், அணியில் பத்துப் பேர். யுனைடெட்டின் கோல்கீப்பர் பந்தை இரண்டு கையாலும் பிடிக்கவில்லை, மோர்கன் ராஜர்ஸ் தட்டிப் பறித்து வலைக்குள் அடித்தார். ஆனால் பந்து கோட்டைத் தாண்டுவதற்குள் நடுவர் ஃபவுல் என்று விசில் ஊதிவிட்டார். மறுகாட்சியில் ஃபவுல் இல்லை என்று தெரிந்தது. விசில் முந்திவிட்டதால் அந்த கோலைத் திரும்பப் பார்க்கவே விதியில் இடமில்லை. பிறகு யுனைடெட் 2-0 என்று வென்றது. அந்த ஆட்டம் சமனாக முடிந்திருந்தாலே வில்லாவுக்கு ஐந்தாமிடமும் சாம்பியன்ஸ் லீக்கும் கிடைத்திருக்கும். ஒரு விசில் ஒரு விநாடி தாமதித்திருந்தால் என்பதை அந்த ரசிகர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு சின்னத் தகவல்: சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டங்களை பிரிட்டனுக்குள் நேரலையாக ஒளிபரப்ப மாட்டார்கள். கீழ்நிலை லீக்குகளின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்பதற்காக 1960களில் வந்த ஏற்பாடு. அந்த ஆட்டங்களை வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்கலாம், அந்த ஊர்க்காரர் நேரில் போனால்தான் உண்டு. கீழ்நிலைக் கிளப்புகளை இப்படிக் காப்பாற்றுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆறாம் படி: பட்டியல் சொல்லாததைப் படிப்பது

அக்டோபர், நவம்பர் வாக்கில் பட்டியல் பேசத் தொடங்கும். அப்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்கின்றனவா? கோப்பைப் போட்டி, வானிலை என்று ஏதாவது காரணத்தால் ஆட்டங்கள் தள்ளிப்போகும். ஓர் ஆட்டம் குறைவாக ஆடிய அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தால் பலர் அதை முன்னிலையாகவே எண்ணிவிடுவார்கள். ஆடாத ஆட்டத்தில் புள்ளி இல்லை. கையில் இருக்கும் புள்ளிதான் புள்ளி.

அடுத்தது, ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரி. ஆட்டத்துக்கு 2 என்ற வேகத்தில் போகும் அணி பெரும்பாலும் முதல் நான்குக்குள் முடியும். சாம்பியன் ஆக அதைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும். ஆட்டத்துக்கு 1 என்ற வேகத்தில் போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 2024-25இல் 17ஆம் இடத்தில் முடித்த டாட்டன்ஹாம் சரியாக 38 புள்ளிதான் எடுத்தது. "40 எடுத்தால் பிழைத்தோம்" என்று மேனேஜர்கள் சொல்வதைக் கேட்பீர்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது.

மூன்றாவது, எக்ஸ்ஜி என்று திரையில் காட்டும் எண். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்த நிலையில் அடிக்கப்பட்டது என்று பார்த்து அது கோலாகும் வாய்ப்பைக் கணக்கிட்டுக் கூட்டுவார்கள். பெனால்ட்டி என்றால் சுமார் 0.8. தொலைவிலிருந்து அடிக்கும் ஷாட் 0.05க்கும் கீழே போகும். ஓர் ஆட்டத்தின் எக்ஸ்ஜியை வைத்து யாரோடும் சண்டை போடாதீர்கள், அது அவ்வளவு தூரம் தாங்காது. பத்து ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் பயன் உண்டு. தொடர்ந்து நல்ல வாய்ப்புகளை உருவாக்கியும் கோல் விழாத அணி மெல்ல மேலே ஏறும். இரண்டு வாய்ப்பில் இரண்டு கோல் அடித்து ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி இறங்கும்.

ஏழாம் படி: டிசம்பர், ஜனவரி

டிசம்பரில் ஆட்டங்கள் நெருக்கமாக வரும். மற்ற பல நாடுகளின் லீக்குகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓய்வெடுக்கும்போது இங்கிலாந்தில் வேகம் கூடும். மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை ஆடும்போது முதல் பதினொருவர் யார் என்பதைவிட 12ஆம் ஆளிலிருந்து 18ஆம் ஆள் வரை யார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். அணி அறிவிப்பு வந்ததும் யாருக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மஞ்சள் அட்டைக் கணக்கும் இப்போது பழுத்திருக்கும். அணியின் முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை வாங்கிய வீரருக்கு ஓர் ஆட்டம் தடை. 32 ஆட்டங்களுக்குள் பத்து என்றால் இரண்டு ஆட்டம். நான்கு அட்டையோடு நிற்கும் மிட்ஃபீல்டர் 19ஆவது ஆட்டம் முடியும்வரை கால் வைக்கத் தயங்குவார். பெரிய மோதலுக்கு முந்தைய ஆட்டத்தில் இதைக் கவனித்துப் பாருங்கள். ஆப்பிரிக்க நாடுகளின் அணிகள் மோதும் ஆப்பிரிக்கக் கோப்பை நடக்கும் வருடமென்றால் பல அணிகள் முக்கிய வீரர்களைச் சில வாரங்களுக்கு இழக்கும்.

ஜனவரியில் விண்டோ மறுபடி திறக்கும். கீழே தவிக்கும் கிளப்புகள் அவசரமாக வாங்கும். மேனேஜர்கள் வேலை இழப்பதும் இந்தக் குளிர்காலத்தில்தான் அதிகம் பேச்சாகும். புது மேனேஜர் வந்ததும் இரண்டு ஆட்டத்தில் வெற்றி வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அந்த இரண்டு அணிகள் யார் என்று முதலில் பாருங்கள்.

பக்கத்துக் கோப்பைகளைப் பற்றி

லீக் ஆட்டங்களுக்கு நடுவே எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை ஆகிய உள்நாட்டுக் கோப்பைகள், ஐரோப்பியப் போட்டிகள் என்று வேறு ஆட்டங்களும் வரும். புதியவர்கள் இங்கேதான் அதிகம் குழம்புவார்கள். அந்த முடிவுகள் லீக் பட்டியலில் சேராது என்பதை மட்டும் முதலில் நினைவில் வையுங்கள். ஆனால் பாதிப்பு உண்டு. வியாழக்கிழமை இரவு இன்னொரு நாட்டில் ஆடிவிட்டு ஞாயிறு லீக் ஆட்டத்துக்கு வரும் அணியின் கால்கள் கனத்திருக்கும். சில நேரம் ஒரு கோப்பை முழு சீசனையே காப்பாற்றும். மேலே சொன்ன அந்த டாட்டன்ஹாம், லீக்கில் 22 ஆட்டங்களில் தோற்ற டாட்டன்ஹாம், 2025 மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. அந்த வெற்றியால் 17ஆம் இடத்திலிருந்து சாம்பியன்ஸ் லீக்குக்கே போனது. அதே மாதம் கிரிஸ்டல் பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. அந்த கிளப்பின் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை அது.

பணமும் விதியும் பற்றி ஒரு வார்த்தை. பணம் பற்றிய விதிகளை மீறும் கிளப்புகளுக்குப் புள்ளியே வெட்டப்படலாம். அளவுக்கு மீறி நட்டம் காட்டியதற்காக 2023-24இல் எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டினார்கள், மேல்முறையீட்டில் 6 ஆனது, பிறகு வேறொரு வழக்கில் மேலும் 2. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4. இரண்டும் எப்படியோ தப்பின. அதனால் பட்டியலில் ஓர் அணியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் குறியீடு தெரிந்தால் அதைத் தாண்டிப் போகாமல் என்னவென்று படியுங்கள்.

எட்டாம் படி: மார்ச்சுக்குப் பிறகு கோடுகளுக்குத் திரும்புங்கள்

இப்போது மூன்று கோடுகளையும் மறுபடி எடுத்துவைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் மேலும் கீழும் நிற்கும் அணிகளின் மிச்ச ஆட்டங்களை எழுதிப் பாருங்கள். யாரோடு, எந்த மைதானத்தில். கோட்டின் இரு பக்கத்து அணிகளும் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தை வட்டம் போடுங்கள். அந்த ஆட்டத்தில் வென்றவருக்கு 3 புள்ளி கிடைப்பதோடு எதிரிக்கு 3 புள்ளி கிடைக்காமலும் போகிறது. பிரபலமான அணிகள் இல்லையென்றாலும் அந்த வாரம் பார்க்க வேண்டிய ஆட்டம் அதுதான்.

முன்னால் நிற்கும் அணி தடுமாறும் என்று எதிர்பார்த்தே இருக்கவும் வேண்டாம். 2018-19இல் லிவர்பூல் 97 புள்ளி எடுத்தது, சீசன் முழுக்க ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. மான்செஸ்டர் சிட்டி கடைசி 14 ஆட்டங்களையும் வரிசையாக வென்று 98 எடுத்தது. யாரும் தடுமாறவில்லை. அந்த வசந்தத்தை வாராவாரம் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

கடைசி நாளும் அதற்குப் பிறகும்

கடைசிச் சுற்றின் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். மற்ற முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் ஆடக் கூடாது என்பதற்காக. ஓர் ஆட்டத்தைத் திரையில் ஓடவிட்டு, பக்கத்தில் நொடிக்கு நொடி மாறும் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கண் அதிகம் பட்டியலில்தான் இருக்கும், அதில் தவறில்லை.

எப்படிப்பட்ட நாள் என்பதற்கு 2005 மே 15. நான்கு அணிகளில் ஒன்று மட்டும் தப்பிக்கலாம். காலையில் நார்விச் 33, சவுத்தாம்ப்டன் 32, கிரிஸ்டல் பேலஸ் 32, வெஸ்ட் பிராம் 31. கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் இருந்த வெஸ்ட் பிராம் இன்னும் கடைசியில்தான். நார்விச் வென்றாலே போதும், ஆனால் ஃபுல்ஹாமில் 6-0 என்று நொறுங்கியது. சவுத்தாம்ப்டன் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றது, 27 வருடம் முதல்நிலையில் இருந்த கிளப். வெஸ்ட் பிராமில் ஜெஃப் ஹார்ஸ்ஃபீல்டு மாற்று வீரராக இறங்கி முதல் தொடுதலிலேயே கோல் அடித்தார். யுனைடெட்டிலிருந்து லோனில் வந்திருந்த கீரன் ரிச்சர்ட்சன் இரண்டாவதை அடித்தார். ஆனாலும் போதவில்லை, சார்ல்டனில் பேலஸ் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. 82ஆவது நிமிடத்தில் சார்ல்டன் 2-2 ஆக்கியது. வெஸ்ட் பிராம் ரசிகர்களுக்கு ரேடியோ வழியாகத்தான் அது தெரிந்தது. தங்கள் ஆட்டம் முடிந்த பிறகும் சார்ல்டனில் இறுதி விசில் ஊதும்வரை அப்படியே நின்றார்கள். 34 புள்ளியில் பிழைத்தார்கள்.

லீக்கின் கடைசி நாளையொட்டி வரும் இன்னோர் ஆட்டத்தையும் தவறவிட வேண்டாம். அடுத்த சீசனின் 20ஆவது அணி யார் என்பது, சாம்பியன்ஷிப்பிலிருந்து மேலே வரும் மூன்றாவது அணியைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றின் இறுதி ஆட்டத்தில், லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் தெரியும். பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது, அதனால் அந்த ஒரு ஆட்டத்துக்கு அவ்வளவு விலை. 2025 மே 24 அன்று ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக சண்டர்லேண்ட் 95ஆவது நிமிடத்தில் டாமி வாட்சன் அடித்த கோலில் எட்டு வருடத்துக்குப் பிறகு மேலே வந்தது. நியூகாசிலோடு அதற்கு இருக்கும் பழைய பகையும் அதோடு லீக்குக்குத் திரும்பியது. ஜூனில் அட்டவணை வரும்போது அந்த மாதிரி உள்ளூர்ப் பகை ஆட்டங்களின் தேதிகள், உங்கள் கிளப்பின் முதல் ஐந்து எதிரிகள், டிசம்பர் கடைசி வார வரிசை, கடைசி நாள் ஆட்டம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.